பதினான்காம் பெயருக்கு நேரே ஒரு டிக்

எழுபதுகளின் நடுவில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருந்த ஒரு மீனவர் குப்பத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தேன். அங்கே ஒரு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் நடந்து முடிந்த விஷயம் இது. என் பிள்ளைகளிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. குப்பத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டை நான்தான் எழுதுவேன். அதில் ஒரு ரகசியம் உண்டு, அந்தக் காலத்து ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும். அதனால் கடலோரம் நண்டு பிடிக்கப் போன பிள்ளையும் எங்கள் பதிவேட்டில் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மூன்றாம் வகுப்புக் கெட்டிக்காரப் பிள்ளை நாலாம் வகுப்பிலும் எழுந்து நின்று பதில் சொல்லும். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், அதற்கு இப்படி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குப்பத்தில் மீன் கூடை சுமக்கும் ஒரு அக்கா இருந்தார். தினமும் காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய் மீன் விற்றுவிட்டு வருவார். அவருடைய மூத்த மகள் பதினாலு வயதில் மூச்சு வாங்கி வாங்கியே இறந்துபோனாள். அந்தப் பெண் என்னிடம் படித்தவள். கடைசியில் செங்கல்பட்டில் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனபோது நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா எங்களிடம் பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் தொண்டை வலி வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கும், அது தானாகவே வடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் அது இதயத்தின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டுத்தான் போகும். ஒரு முறை வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் மறுபடி வராமல் தடுக்கலாம், வருஷக்கணக்கில் போட வேண்டும் என்றார்.

"மருந்து இருக்கு, பிள்ளைங்கதான் வர்றதில்லை" என்றார் டாக்டரம்மா. எப்படி வருவார்கள்? போக வர ஒரு நாள் போய்விடும். காலில் தெம்போடு ஓடுகிற பிள்ளையை வலிக்கும் ஊசிக்காக இரண்டு பஸ் மாற்றி அழைத்துப்போக எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் இருந்த ஒரு தர்ம ஸ்தாபனம், குழந்தைகளுக்கு நாள்பட்ட நோய் வராமல் தடுக்க ஊர்க்காரர்களே சொல்லும் புது யோசனைகளுக்குப் பணம் தருவதாக டாக்டரம்மாவுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் அனுப்பியது. அவர் அதை என்னிடம் கொடுத்தார். கூடைக்கார அக்காவும் நானும் உட்கார்ந்து பேசியதில் யோசனை தானாகவே வந்தது. எங்கள் குப்பத்தில் வெள்ளிக்கிழமை யாரும் கடலில் கட்டுமரம் தள்ளமாட்டார்கள், எல்லாரும் கரையில் இருப்பார்கள். மூன்று வெள்ளிக்கு ஒரு வெள்ளி நர்ஸ் குப்பத்துக்கே வரட்டும். மருந்துக் குப்பிகளை முதல் நாளே அக்கா செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது காலிக் கூடையில் கொண்டுவந்துவிடுவார். நர்ஸ் வந்துபோகும் செலவும் மருந்தும் ஸ்தாபனம் கொடுக்கும். குப்பத்தின் பங்காக, ஊசிக்கு முந்தைய வியாழன் அன்று ஒவ்வொரு மரமும் ஒரு மீனை ஒதுக்கும். அதை விற்று, ஊசியைக் கொதிக்கவைக்கும் அடுப்புக்கு மண்ணெண்ணெயும், ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கடலை உருண்டையும் வாங்குவோம். அந்த மீனுக்கு 'ஊசி மீன்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வருஷத்துக்குப் பணம் தர ஒத்துக்கொண்டார்கள். வருஷ முடிவில் ஒருவர் வந்து பார்ப்பார். திருப்தியாக இருந்தால் மூன்று வருஷம் நீட்டிப்பார்கள். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மற்றக் குப்பங்களுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்து தருவார்கள்.

பதினாலு பிள்ளைகள். நான் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள் என்று கட்டம் கட்டமாக அமைத்தேன். ஊசி போட்டதும் சிவப்பு மையில் ஒரு டிக். அன்று சாயங்காலம் அதைப் பார்த்து ஒரு தாளில் நகல் எழுதி, மறுநாள் அக்காவின் கையில் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புவேன். ஊசி வெள்ளியன்று பிள்ளைகள் போடும் கூச்சலைச் சொல்லி மாளாது. ஒருத்தி கவிழ்த்துப் போட்ட வலைக் கூடைக்குள் ஒளிந்துகொள்வாள். பாய் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தவனை அவன் அப்பாவே இறக்கிக் கொண்டுவருவார். ஆனாலும் பதினாறு தடவையும் பதினாலு பேருக்கும் போட்டுவிட்டோம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மாவே பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவு பெருமை எனக்கு.

பதினேழாவது வெள்ளிக்கு முன்னால்தான் சோதனை வந்தது.

பட்டியலில் கடைசிப் பெயர் எட்டு வயதுப் பெண் ஒருத்தியுடையது. இரண்டு வருஷம் முன்பு ஒரு தடவை முட்டி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள். இதயம் இன்னும் கெடவில்லை, தப்பித்துவிட்டாள், இனி வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுடைய குடும்பம் அந்த வாரம் கடப்பாக்கத்துக்குப் போய்விட்டது. அங்கே கழிமுகத்தில் இறால் நிறைய விழுகிறது, கம்பெனிக்காரர்கள் கரையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொந்தக்காரர் ஆள் விட்டிருந்தாராம். பத்து நாளில் வந்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அந்த வெள்ளியன்று வழக்கமாக வரும் நர்ஸ் லீவு. அவருக்குப் பதிலாக ஒரு புதுப் பெண் வந்திருந்தார். பிள்ளைகளின் முகம் எதுவும் அவருக்குத் தெரியாது. கூச்சலுக்கு நடுவே பதின்மூன்று பேருக்குப் போட்டுவிட்டு, மத்தியானப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பறந்தார். மிஞ்சிய ஒரு குப்பியை, "பிள்ளை வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டு வந்து போட்டுக்கறேன், மருந்து இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நோட்டை எடுத்தேன். ஸ்தாபனத்துக்காரர் அடுத்த வெள்ளி வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. பதினேழு வரிசையில் பதினாறு நிறைந்திருக்க, கடைசி வரிசையின் கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக என்னைப் பார்த்தது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, மருந்தும் பத்திரமாக என் அலமாரியில் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சமாதானமே தேவைப்படவில்லை. வருகைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை தானாகவே டிக் போட்டுவிட்டது. நகல் தாளிலும் பதினாலு டிக் போட்டு மறுநாள் அக்காவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பள்ளி விட்டதும் அந்த வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்ப்பேன். தட்டி சாத்தியே கிடக்கும். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. என் பயமெல்லாம் வரப்போகிறவரைப் பற்றித்தான் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் முட்டியைப் பற்றி எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கவலை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, மூக்குக் கண்ணாடி, நல்ல மனிதர். மீன் கூடையில் வந்த மருந்துப் பெட்டியை முகர்ந்து பார்த்து, "வஞ்சிரமா?" என்று கேட்டுச் சிரித்தார். நோட்டைப் பிரித்தவர் ஒரு பக்கத்தை விட்டு மறு பக்கத்துக்குப் போகவே இல்லை. இத்தனை ஊரில் பணம் கொடுத்திருக்கிறோம், ஒரு கட்டம்கூடக் காலியில்லாத நோட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எனக்குக் காது சூடாகியது. பிறகு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

பதின்மூன்று பேர் எழுந்து நின்றார்கள். பதினாலாவது பெயரைக் கூப்பிட்டார். வகுப்பில் சத்தம் இல்லை. நான் முதல் பெஞ்சில் இருந்த வேறொரு பெண்ணைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் அந்தப் பார்வையைப் படித்துத் தேறியவள் அவள். சட்டென்று எழுந்து "உள்ளேன் ஐயா" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, ஊசி வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றாள். உண்மைதான், அவளுக்கு யாரும் ஊசியே போட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். குப்பத்து ஆண்கள் கை தட்டினார்கள். நான் சிரித்த முகத்தோடு திரும்பினால், கதவோரம் கூடைக்கார அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நீ நோட்டுல இன்னா எழுதினியோ எனுக்குத் தெரியாது டீச்சரம்மா. இப்ப எழுந்து நின்னது அந்தப் பொண்ணு இல்ல" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "நேத்து மார்க்கெட்ல கடப்பாக்கத்துக் கூடைக்காரிங்க சொன்னாளுங்க. அந்தப் பொண்ணு காலை ஊனவே இல்லியாம். முட்டி வீங்கிக் கீதாம். அம்மாக்காரி இடுப்புல தூக்கி வச்சிகினு அலையிறாளாம். காத்தாலயே சொல்லலாம்னு வந்தேன், நீ அந்த ஐயாவோட பேசிகினு இருந்தே."

 முட்டி வீங்கினால் அடுத்தது என்ன என்பதை இந்த அக்காவுக்கும் எனக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று கடப்பாக்கம் போக இனி பஸ் இணைப்பு கிடைக்காது. மறுநாள் முதல் பஸ்ஸில் போவது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அலமாரியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஊசி போடத் தெரியாது, ஊசியும் கையில் இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டும். ஆஸ்பத்திரி பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரு நர்ஸையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றார் அக்கா. நான்தான் தடுத்தேன். முதலில் பிள்ளையைப் பார்ப்போம், சும்மா கல் இடறிய வீக்கமாகக்கூட இருக்கலாம் என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். அந்தப் பயத்தால் மேலும் அரை நாள் வீணாகிவிட்டது.

மதுராந்தகம், செய்யூர் என்று பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை ஏற்றினார்கள், இறக்கினார்கள். கண்டக்டர் ஓரிடத்தில் இறங்கி சாவகாசமாக டீ குடித்தார். எனக்கு அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. எந்தச் சாமியை வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. கல் இடறிய வீக்கமாக இருக்கட்டும், கல் இடறிய வீக்கமாக இருக்கட்டும் என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

கடப்பாக்கத்தில் இறங்கி இடிந்த கோட்டைப் பக்கமாக மணலில் நடந்தோம். பனை ஓலைக் குடிசைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது குடிசையில் அந்தப் பெண் படுத்திருந்தாள். வலது முட்டி பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை படுவதுகூட வலிக்கிறதென்று காலைத் திறந்து போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் டீச்சர் என்று சிரிக்கப் பார்த்தாள். அவள் விலா ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. நெற்றியைத் தொட்ட கையை நான் எடுத்துவிட்டேன், அப்படி ஓர் அனல்.

அவளுடைய அம்மா என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். "நீங்களே தேடிகினு வந்துட்டீங்களா டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அந்த அம்மா நாளை மறக்கவில்லை. ஊசி வெள்ளி தவறிவிட்டதே என்று, இறால் வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமையே பிள்ளையை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அன்று டாக்டரம்மாவும் இல்லை, அந்தப் புது நர்ஸும் இல்லை. லீவு முடிந்து வந்திருந்த பழைய நர்ஸ், என் நகல் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"வெள்ளிக்கெழம நாங்க ஊர்லயே இல்லியேம்மான்னு சொன்னேன் டீச்சர். நர்சம்மா அந்தக் காயிதத்தைக் காட்டி, தோ கீது பாரு உன் பொண்ணு பேரு, போட்டாச்சு, நீதான் நாளை மறந்துட்டேன்னாங்க. மூணு நாள்ல ரெண்டாந்தபா போடக்கூடாதாம். டீச்சர் கையால எழுதினது தப்பா இருக்குமான்னு கேட்டாங்க. எனுக்கும் அதான் தோணுச்சு. வந்துட்டேன்."

வாசல் வரை வந்த பிள்ளையை என் டிக் திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் அன்றே ஊசி போட்டிருப்பார்கள். அந்த அம்மா தன் கண்ணால் பார்த்ததைவிட என் கையெழுத்தை நம்பியிருக்கிறார். ஓடிப்போய்க் கடலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அந்த அம்மாவே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். அன்றைக்கு வந்தது புது நர்ஸாமே, வேறு எந்தப் பிள்ளைக்கோ போட்டுவிட்டு இவள் பெயரைச் சொல்லியிருப்பாள், டீச்சர் என்ன செய்வார் பாவம் என்றார்.  அப்போது உண்மையைச் சொல்ல நேரம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அந்த அம்மா ஜன்னலோரம், நான் பக்கத்தில், இந்தப் பக்கம் அக்கா. பிள்ளையின் தலை அம்மா மடியில், கால்கள் என் மடியில். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் முனகுவாள். வீங்கிய முட்டியின் கீழே என் இரண்டு கையையும் கொடுத்து ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் மூச்சை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணிக்கை தவறும், மறுபடி தொடங்குவேன்.

மதுராந்தகம் தாண்டியதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும் டீச்சர், அந்தப் புது நர்சு தப்பு பண்ணிட்டான்னு. நான் சொன்னா எவங்க கேப்பாங்க?"

எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். நான் தலையை ஆட்டினால் போதும். குப்பி ஒன்று மிஞ்சியதையும் அந்தப் பெண் தலையிலேயே போட்டுவிடலாம். ஊர் பேர் தெரியாத அவளுக்கு வேலை போகும், எனக்கு மூன்று வருஷத் திட்டம் இருக்கும், என் நோட்டு நோட்டாகவே இருக்கும். பொய் சொல்லக்கூடாது என்ற நல்லெண்ணத்தால் நான் பேசினேன் என்று நினைக்காதீர்கள். பிள்ளையின் கால் என் மடியில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் பேசினேன்.

"நர்ஸ் தப்பு பண்ணல. போடாத ஊசியைப் போட்டதா எழுதினது நான்தான்" என்றேன். மெட்ராஸிலிருந்து ஆள் வருவதாக இருந்தது, கட்டம் காலியாக இருந்தது, எழுதிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடற்கரையில் ஒரு மீனுக்கு ஏலம் தப்பினாலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அவருடையது. அவரோ குனிந்து, பிள்ளையின் இரண்டு காலையும் என் மடியிலிருந்து மெதுவாக எடுத்து, மடக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். பிள்ளை வலியில் கத்தினாள். அப்படியும் என் மடியில் திரும்ப வைக்கவில்லை. செங்கல்பட்டு வரும் வரை என் கைகள் சும்மா கிடந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையைப் பரிசோதிக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரும் திட்டவில்லை. மருந்தெல்லாம் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு என்னைக் கூப்பிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, முதலில் என் நெஞ்சிலேயே வைத்துக் கேட்கச் சொன்னார். லப் டப், லப் டப். பிறகு அந்தப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் உஸ் என்று ஒரு காற்று வந்தது. போன தடவை பரிசோதித்தபோது இது இல்லை என்றார். ஊசி போட்டிருந்தால் வந்தே இருக்காதா என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாது, போட்டும் எப்போதாவது வரும், ஆனால் நிறையப் பேருக்கு வராது என்றார். அவர் ஒரேயடியாக உன்னால்தான் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் அழுது தீர்த்திருப்பேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் அவள் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. சனி, ஞாயிறு தவறாமல் போவேன். வாசலில் நிற்பேன். அந்த அம்மா உள்ளே வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். முதல் இரண்டு வாரம் மூச்சுத் திணறல் கூடும், குறையும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கும்போது, கட்டில் காலியாக இருக்குமோ என்று கண் முதலில் அதைத்தான் தேடும். மூன்றாவது வாரம் கஞ்சி கேட்டாள். ஐந்தாவது வாரம் என்னைப் பாடப் புத்தகம் கொண்டுவரச் சொன்னாள். அன்று வராந்தாவுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

ஸ்தாபனத்துக்காரருக்கு நானே கடிதம் எழுதினேன். எழுந்து நின்ற பெண் வேறு என்பது வரை எழுதினேன். அவர் நேரில் வந்தார். கோபப்பட்டார், கோபப்பட வேண்டியதுதானே. மற்றக் குப்பங்களுக்கு விரிவாக்கும் யோசனையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, வேறொரு ஊர் மூலமாக மறுபடி தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த இரண்டு வருஷத்தில் அந்தக் குப்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு முட்டி வீங்கியதோ, எனக்குத் தெரியாது.

எங்கள் குப்பத்துக்கு மட்டும் பணத்தை நிறுத்தவில்லை, ஊசி வெள்ளியும் நிற்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் என்னை நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்கள். நோட்டை என்னிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று ஒரு கட்சி. வேறு யார் எழுதுவது என்று இன்னொரு கட்சி. கடைசியில் கூடைக்கார அக்காதான் எழுந்து பேசினார்.

"டீச்சரே எழுதட்டும். ஆனா வராத புள்ளைக்கு ஒண்ணும் எழுதாத உடு. காலியா கீறத நான் பாக்கறேன். அது எந்த வூட்டுப் புள்ளையோ, எந்த ஊருக்குப் போய் கீதோ, போய்த் தேடிப் புடிச்சாந்து போடலாம். ஊசி மீன் இனிமே ஒண்ணு இல்ல, மரத்துக்கு ரெண்டு. ஒண்ணு தேடிப் போறவங்க பஸ்ஸு சார்ஜுக்கு" என்றார். மெட்ராஸ்காரரும் நானும் ஒரு வருஷம் தாள் தாளாக எழுதியதில் இல்லாதது அந்தப் பேச்சில் இருந்தது. ஊர் ஒத்துக்கொண்டது. அதன் பிறகு நோட்டில் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு காலி இருக்கும். முட்டுக்காட்டுக்கு, கோவளத்துக்கு, ஒரு தடவை காஞ்சிபுரத்துக்குக்கூட ஆள் போயிருக்கிறார்கள்.

அந்தப் பெண் பிழைத்தாள். நெஞ்சில் அந்தக் காற்றுச் சத்தம் மட்டும் போகவில்லை. கூடை சுமக்கக்கூடாது, வேகமாக ஓடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகள் அலையோடு ஓடிப் பிடித்து விளையாடும்போது அவள் கரையில் உட்கார்ந்து பார்ப்பாள். அதைப் பார்க்காமல் இருக்க நான் வேறு வழியாக வீட்டுக்குப் போவேன்.

மாற்றலாகிப் போகும் வரை நான்கு வருஷம் அந்த ஊசி நோட்டை எழுதினேன். ஒவ்வொரு மூன்றாவது வெள்ளியும் அந்த அம்மா மகளை அழைத்துக்கொண்டு வருவார். ஊசி போட்டதும் மற்றத் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் மட்டும் என் மேஜைக்கு நேராக வந்து நின்று, பேனாவைப் பிடித்திருக்கும் என் விரல்களையே பார்ப்பார். நான் டிக் போட்டு முடித்ததும், "போட்டாச்சா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்புவார். நான்கு வருஷத்தில் அதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் அவர் பேசியதில்லை. ஓய்வுபெற்று இத்தனை காலம் ஆன பிறகும், எந்தக் காகிதத்தில் எதை எழுதப் பேனாவை எடுத்தாலும், படிக்கத் தெரியாத அந்தத் தாயின் கண்கள் என் விரல்மேல் இருப்பது போலத் தோன்றி, எழுதப் போவது உண்மைதானா என்று ஒரு தடவை கை நின்றுவிட்டுத்தான் போகிறது.